சீப்பு டாக்டர்

என் தம்பியை ஊரில் யாரும் கண் டாக்டர் என்று சொன்னதில்லை. சீப்பு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, கட்டணம் குறைச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். வந்து பார்த்தால் விஷயமே வேறு. தலை வாருகிற சீப்பு, பல் வைத்த சீப்பு, அதைத்தான் சொன்னார்கள்.

அவன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அரசு மருத்துவமனையில் புதிதாகக் கட்டியிருக்கும் கண் பிரிவுக்கு அவன் பெயரை வைக்கிறார்கள். வாசலில் பதிக்கிற கல்லுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுத்தவள், அதற்கு மேல் டாக்டருக்குக் கூடப்பிறந்த அக்கா. என்னை விட்டால் யார் எழுதுவார்கள்? எழுதிக் கொடுத்தேன். செயலாளர் படித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதைச் செதுக்கணும்னா கல்லு பத்தாது, மலையைத்தான் வாங்கணும்" என்றார். சரி, கல்லில் 'தன்னலமற்ற சேவை' என்று ஏதாவது போட்டுக்கொள்ளட்டும். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

அவன் பிறந்தவுடன் அழவில்லை. தூக்கிப் பிடித்த மருத்துவச்சியின் கண்ணையே உற்றுப் பார்த்தான். அந்த அம்மாளுக்குப் பிற்காலத்தில் இடது கண்ணில் புரை வந்தது. அதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டு, சொல்ல வாய் வராத ஆத்திரத்தில்தான் அப்புறம் வீறிட்டு அழுதான் என்று எங்கள் அம்மா சொல்வாள். அம்மா சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. எது எந்தப் பாதி என்று எனக்கே இப்போது தெரியாது. ஆனால் சீப்புக் கதை அப்படி இல்லை. அது என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. அந்த இரண்டு கண்ணும் அவன் கைவைத்துச் சரிசெய்தவை என்பதால் சாட்சிக்கு ரொம்ப நம்பகமானவை.

படித்து முடித்து, பெரிய ஊர் மருத்துவமனை ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா நடத்திய குடைக்கடையிலேயே வந்து உட்கார்ந்தான். கீழே கடை, மாடியில் நாங்கள் எல்லோரும். நர்ஸாக இருந்த பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். பின்னறையை வெள்ளையடித்து, குழாய் போட்டு, அறுவை அறையாக மாற்றியது அவள்தான். கூரையில் அப்பா குடை தொங்கவிட்ட கொக்கிகள் மட்டும் அப்படியே இருந்தன. மயக்கமில்லாமல் மரத்துப்போகும் மருந்து மட்டும் போட்டுப் படுக்கவைத்த ஆட்கள், "டாக்டர், அந்தக் கொக்கி எதுக்கு?" என்று பீதியோடு கேட்பார்கள். "அசைஞ்சா மாட்டுறதுக்கு" என்பாள் என் தம்பி பொண்டாட்டி. யாரும் அசைந்ததில்லை.

சிக்கல் முன்னறையில்தான். கண் பார்வையைச் சோதிக்கும் எழுத்து அட்டையை இருபது அடி தள்ளி வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். முன்னறையோ அதில் பாதிதான். அதற்கென்ன, ஒரு நிலைக்கண்ணாடி வைத்து அதில் தெரியும் எழுத்தைப் படிக்கச் சொன்னால் தூரம் இரட்டிப்பாகிவிடுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வைத்தான். எங்கள் ஊர்க்காரர்கள் எழுத்தைப் பார்த்தால்தானே? பெண்கள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். ஆண்கள் மீசையை ஒதுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பித் தொப்பையை உள்ளே இழுத்துப் பார்த்தார்கள். "என்ன தெரியுது?" என்று கேட்டால், "கொஞ்சம் இளைச்சுட்டேன் டாக்டர்" என்று பதில் வந்தது. கண்ணாடியைத் தூக்கி மாடிக்கு அனுப்பிவிட்டான்.

எதிர்ச்சாரியில் ஒரு சலூன். தெரு அங்கே குறுகல். நோயாளி உட்காரும் முக்காலியிலிருந்து வாசல் வழியாக, தெருவைத் தாண்டி, சலூன் முகப்பு வரைக்கும் டேப் பிடித்து அளந்தால் கச்சிதமாக இருபது அடி வந்தது. தம்பி துள்ளிக் குதித்தான். முக்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் பெயின்டால் வட்டம் போட்டு, சலூன்காரரிடம் கேட்டு, அவர் கடைச் சுவரில் அட்டையை மாட்டினான். நடுவில் லாரி வந்து நிற்கும்போதுதான் தொல்லை. "இப்ப என்ன தெரியுது?" "லாரி தெரியுது டாக்டர்." "அதுல என்ன எழுதியிருக்கு?" "ஒலி எழுப்பவும்னு." "பார்வை பரவாயில்லை, போய்ட்டு வாங்க."

ஆனால் தெருவில் மாட்டிய அட்டையை ஊரே மனப்பாடம் செய்துவிட்டது. வெளி பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் முணுமுணுத்து முணுமுணுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணில் வெள்ளை படர்ந்த கிழவர்கூடக் கடைசி வரி வரைக்கும் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். கணக்குப் பார்த்தால், உலகத்திலேயே பார்வைக் குறைவே இல்லாத ஊர் எங்கள் ஊர்தான்.

அந்த மனப்பாடத்திலிருந்து தப்பித்தது ஒரே ஒரு ஆள். இஸ்திரி போடும் அம்மா. "எனக்கு எழுத்தெல்லாம் தெரியாது தம்பி. அந்த சலூன்காரரு சீப்பு வச்சுக்கிட்டு நிக்கிறது தெரியுது."

"சீப்போட பல்லு தெரியுதா?"

"தெரியுதே. மேல பார்த்து இருக்கு."

தம்பி அந்த நிமிஷமே நோயாளியை முக்காலியில் விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினான்.

மறுவாரம் அட்டை இறங்கியது. காம்பஸ் வைத்துக் கணக்குப் போட்டு, மரத்தச்சரிடம் சொல்லி, முறம் அளவு சீப்பிலிருந்து மீசைக்குக்கூடப் பத்தாத சீப்பு வரைக்கும் ஒரு வரிசை செய்து, கருப்பு அடித்துச் சலூனில் கொடுத்தான். வாசலில் நின்று தம்பி வெள்ளைத் துண்டை உயர்த்துவான். சலூன்காரர் கையிலிருக்கும் வேலையை ஒரு கணம் நிறுத்திவிட்டு, முகப்புக்கு வந்து, அங்கே தொங்கவிட்ட வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒரு சீப்பைப் பிடிப்பார். மேலே, கீழே, இடம், வலம், அவர் இஷ்டம். "பல்லு எந்தப் பக்கம்?" என்பான் தம்பி. படித்தவர், படிக்காதவர், குழந்தை, கிழவி, யாருக்கும் இதில் சலுகை கிடையாது. மனப்பாடமும் செய்ய முடியாது. பெரிய ஊரிலிருந்து வந்த டாக்டர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் தேய்த்த சட்டை போட ஆரம்பித்தார். "என்னைப் பார்க்காம இந்த ஊர்ல எவனுக்கும் கண்ணாடி கிடையாது" என்று மீசையை முறுக்குவார். நல்ல மனுஷன், தங்கமான கை. கோபம்தான் மூக்கு நுனியில் இருக்கும். கோபம் வந்தால் சண்டை போட மாட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒருமுறை அவர் பொண்டாட்டி சட்டையில் ஒரு பட்டனை மாற்றித் தைத்துவிட்டாள் என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. மழைக்கும் அவருக்கும் பேச்சில்லை என்று நான் சொல்வேன்.

அப்படிப்பட்டவரோடு தம்பிக்கு ஒரு மனத்தாங்கல் வந்தது. சலூன்காரரின் மச்சான் பஸ் டிரைவர். வருஷா வருஷம் கண் சரியாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்டியரிங்கைத் தொடலாம். அந்த வருஷம் டிரைவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தம்பி துண்டை உயர்த்தினான்.

"மேல!" என்றார் டிரைவர்.

எதிரே சலூன்காரர் அப்போதுதான் சீப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வலது!" என்றார் டிரைவர். சீப்பு மேலே பார்த்து வந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சானும் மச்சானும் முந்தின நாளே வரிசை பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. தம்பி டிரைவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தான். சலூனுக்குப் போய், "அண்ணே, உங்க சீப்பை நம்பித்தான் நான் கையெழுத்துப் போடுறேன். பஸ்ல உங்க அக்கா புள்ளைங்களும்தானே போகுது?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சலூன்காரர் முகம் உத்தரத்துக்குப் போய்விட்டது.

டிரைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் நாளே திரும்பி வந்து, "டாக்டர், இவ்வளவு நாளா அந்தத் திருப்பத்துல ஒரு மரம் இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் தம்பியும் சிநேகமாகிவிட்டார்கள். சலூன்காரர் மட்டும் ஆறவில்லை. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். ஏனென்றால் தம்பி துண்டை உயர்த்தினால் சில நாள் சீப்பு வரவில்லை. கூப்பிட்டால்தான் வந்தது. போகப்போக இரண்டு மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

"விடுங்க, பட்டனுக்கே ஒரு மழைக்காலம். இதுக்கு ரெண்டு மூணாவது வேணாமா?" என்றாள் தம்பி பொண்டாட்டி.

தெருவில் எதிரே வந்தால்கூட என்னைத் தாண்டிப் போய்விடுவார். ஊரே தன்னைப் பார்க்கிறது என்ற மிதப்பு, இப்போது டீச்சரைக்கூட மதிப்பதில்லை என்று நான் முடிவு கட்டினேன். அவர் பொண்டாட்டி ஒருநாள் என்னிடம் வந்து கண்ணைக் கசக்கினாள். "நிலைக்கதவுல இடிச்சுக்கிட்டு வர்றாரு டீச்சர். வாளியைத் தட்டி விடுறாரு. குடிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு நினைக்கிறேன். வாயை மோந்து பார்த்தா வாசனையும் வரலை. வாசனையே வராத சரக்கு எங்கயோ கிடைக்குது போல." ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். எல்லாக் காரணமும் அவர் குணத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது.

மாதங்கள் போயின. ஒருநாள் தம்பிக்கே பொறுக்கவில்லை. பெஞ்சில் ஆள் நிறைந்திருக்கிறது, துண்டைத் தூக்கித் தூக்கிக் கை வலிக்கிறது. நேராகத் தெருவைக் கடந்து போனான். நானும் பின்னாலேயே போனேன். இரண்டு பேர் சமாதானமாகும்போது மூன்றாவது ஆள் ஒன்று இருப்பது நல்லது. அதுவும் வேடிக்கை பார்க்கத் தெரிந்த ஆள்.

"அண்ணே, இன்னும் கோபம் போகலையா? நான் பேசினது தப்புன்னா மன்னிச்சுடுங்க."

சலூன்காரர் ஒரு தலையை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியை நிறுத்தாமல், "எனக்கென்ன கோபம்? அதெல்லாம் அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டோட போச்சு. கோபம் உங்களுக்குத்தான்" என்றார்.

"எனக்கா?"

"பின்ன? இப்பல்லாம் நீங்க துண்டே தூக்குறதில்லையே. நேரா வாயைத் திறந்து கத்துறீங்க, என்னமோ நான் காது கேட்காதவன் மாதிரி. சரி, டாக்டர் மனசுல எதையோ வச்சிருக்காரு, தானா ஆறட்டும்னு நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பெரிய மனுஷர்கள், மாதக்கணக்கில் ஒருத்தர் கோபம் ஆறட்டும் என்று இன்னொருத்தர் காத்திருக்கிறார்கள்! தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கோ போயிருந்தது.

"அண்ணே, கத்தரியைக் கீழ வைங்க" என்றான்.

"ஆள் பாதித் தலையோட உட்கார்ந்திருக்காரு டாக்டரே."

"இருக்கட்டும். என் மூக்கைப் பாருங்க. மூக்கை மட்டும். கண்ணை அசைக்காதீங்க." ஸ்டாண்டிலிருந்து ஒரு சீப்பை எடுத்து, கையை நன்றாக நீட்டி, பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தான். "சீப்பு தெரிஞ்சதும் சொல்லுங்க."

சீப்பு அவர் காதருகே வந்தது. சலூன்காரர் பேசவில்லை. நெற்றிப்பொட்டைத் தாண்டியது. பாதித் தலையோடு உட்கார்ந்திருந்த ஆள்கூட மூச்சை அடக்கிக்கொண்டார். கண்ணின் ஓரம் வந்தது. "தூக்குங்க டாக்டரே, எவ்வளவு நேரம் உங்க மூக்கையே பார்த்துக்கிட்டு நிக்கிறது" என்றார் சலூன்காரர். சீப்பு ஏறக்குறைய மூக்கைத் தொடும்போதுதான், "ம், இப்பத் தெரியுது" என்றார்.

இன்னொரு பக்கமும் அப்படித்தான். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

அவருடைய நாற்காலி பக்கச் சுவரில் இருக்கும் கண்ணாடியைப் பார்த்துப் போட்டிருந்தது. வேலை செய்யும்போது தெரு அவருக்குப் பக்கவாட்டில் இருக்கும். இத்தனை வருஷமும் தம்பியின் துண்டை அவர் பார்த்தது ஓரக்கண்ணால்தான். அந்த ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வலியில்லை, சிவப்பில்லை, நேரே பார்க்கிற பார்வை பளிச்சென்று இருக்கிறது. அவருக்கே தெரியவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற நோய் அது.

அன்று மத்தியானம் தம்பி சாப்பிடவில்லை. "அக்கா, இந்த ஊர்ல எல்லார் கண்ணையும் அந்த ஆளைப் பார்க்கச் சொல்லிச் சொல்லியே சோதிச்சேன். நான் ஒரு நாள் அந்த ஆளோட கண்ணைப் பார்க்கலை பாரு" என்றான்.

சொட்டு மருந்து போட்டுப் பார்த்தான். அழுத்தம் இறங்கவில்லை. போன பார்வையை எந்த டாக்டராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம், அதற்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையென்றால் நடுவில் மிச்சமிருக்கிற ஜன்னலும் மூடிவிடும் என்று சொன்னான். சலூன்காரர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மூடினா மூடட்டும். மூடுற வரைக்கும் வேலை செய்வேன்."

"எதுக்கு அண்ணே இந்த வீம்பு?"

"வீம்பா? கண்ணுல கட்டோட நான் கடைவாசல்ல நின்னா அப்புறம் எவன் வந்து உட்காருவான்? தலைமுடின்னாலும் பரவாயில்லை, வளர்ந்துடும். கழுத்து வளருமா? கண்ணுல கோளாறு உள்ளவன்கிட்ட எவன் கழுத்தைக் காட்டுவான்?"

"நான் காட்டுறேன்" என்றான் தம்பி.

சலூன்காரர் அவனை உற்றுப் பார்த்தார். தம்பி தன் வாழ்நாளில் சலூனில் சவரம் செய்துகொண்டதே இல்லை. தினமும் காலையில் தானே செய்துகொள்வான். அது அவருக்கு ஒரு பழைய மனக்குறை. "பேச்சு மாற மாட்டீங்களே?" என்றார். பேரம் அப்படித்தான் முடிந்தது.

அறுவைக்கு முன்னால் தம்பி கை கழுவிக்கொண்டே நின்றான். "போதும், இன்னும் கழுவினா ரேகை அழிஞ்சுடும்" என்று அவன் பொண்டாட்டி குழாயை மூட வேண்டியிருந்தது. எத்தனையோ கண்களைத் திறந்த கை. அந்தக் கண்ணுக்கு மட்டும் அப்படித் தயங்கியது. ஆனால் உள்ளே போன பிறகு தயங்கவில்லை என்று அவள் சொன்னாள். சலூன்காரர்தான் படுத்துக்கொண்டே, "டாக்டரே, உங்க கத்தி எந்தக் கடையில வாங்கினது? சாணை பிடிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று தொழில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு கண் தேறிய பிறகு மறு கண்.

அந்தச் சமயத்தில் சீப்பு பிடித்தது நான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பிடித்தேன். ஆனால் சலூன்காரர் கட்டுப் போட்ட கண்ணோடு பின்னால் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிரம்பு மாதிரி பிடிக்கிறாங்க, நோயாளி பயந்து பதில் சொல்றான்" என்று குறை சொல்வார். கடைசிக் கட்டு அவிழ்த்த அன்று முதல் முறையாக அவர் முக்காலியில் உட்கார்ந்தார். எத்தனை வருஷமாக அந்த முக்காலியை எதிரிலிருந்து பார்த்தவர்! நான் தெருவுக்கு அந்தப் பக்கம் போய், இருப்பதிலேயே சின்னச் சீப்பைப் பிடித்தேன்.

"பல்லு இடது பக்கம்" என்றார். "அதுல ஒரு பல்லு உடைஞ்சிருக்கு. யார் வேலை டீச்சர் அது?"

அழுத்தம் இறங்கியிருந்தது. ஜன்னல் தங்கிவிட்டது. இனி பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அதற்கு அவருடைய மச்சான் வழி கண்டுபிடித்தார். பழைய பஸ் ஒன்றின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, சலூன் கண்ணாடிக்கு மேலே முடுக்கினார். கோணம் பார்த்துத் திருப்பி வைத்தார். வேலை செய்யும் இடத்திலிருந்து நிமிர்ந்தால் எங்கள் வாசல் அதில் அப்படியே தெரிந்தது. "பஸ்ஸுக்குப் பின்னாடி யார் வர்றான்னு நான் பார்க்கலையா? அதே மாதிரிதான் மச்சான்" என்றார். வரிசை பேசி வைத்து மச்சானுக்குக் கெட்டபெயர் வாங்கித் தந்த கடனை அப்படித் தீர்த்தார்.

கண்ணாடி வந்தது. ஆள் வரவில்லை. சலூன்காரர் பயந்தது அப்படியே நடந்தது. காலையில் கடையைத் திறப்பார், நாற்காலியைத் துடைப்பார், கத்தியைத் தீட்டுவார், தீட்டின கத்தியை மறுபடி தீட்டுவார். ஊர்க்காரர்கள் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். வாசலில் நின்று, "கண்ணு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு, மோவாயைத் தடவிக்கொண்டே பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த வேறு சலூனுக்குப் போனார்கள். சிலர் திடீரென்று தாடி வளர்த்தார்கள். அந்த மாதம் எங்கள் ஊரைப் பார்த்தவன் எவனும் துறவிகளின் ஊர் என்றுதான் எண்ணியிருப்பான்.

தம்பியும் தாடி வளர்த்தான். நாலைந்து நாளாகச் சவரமில்லை. "நீங்களுமா?" என்று அவன் பொண்டாட்டி கேட்டபோது மோவாயைத் தடவிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கிப் போனான்.

பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் தெருவரைக்கும் நின்ற ஒரு காலையில், தம்பி வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். "யாரும் போயிடாதீங்க. சவரம் பண்ணிக்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். தெரு கப்சிப். நான் வாசலுக்கு வந்துவிட்டேன். தம்பி பொண்டாட்டி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே வந்துவிட்டாள். ஊசிக்குத் தயாராக இருந்த ஆள் அவளுக்குப் பின்னால் வந்தார்.

தம்பி நாற்காலியில் சாய்ந்தான். சலூன்காரர் அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். சோப்பு நுரை வைத்தார். கத்தியை எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் நின்றது.

"பயமா இருக்கு டாக்டரே" என்றார். தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் எங்களுக்கே கேட்டது.

"எனக்கும் அன்னைக்குப் பயமாத்தான் இருந்துச்சு அண்ணே. உங்க கண்ணுல கத்தி வச்சப்போ."

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னா நீங்க படுத்திருப்பீங்களா?"

சலூன்காரர் தம்பியின் மோவாயை இரண்டு விரலால் பிடித்து, ஊரே பார்க்கும்படி, கழுத்தைத் தெருப்பக்கம் திருப்பிக் கத்தியை வைத்தார்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து நடுவில் நின்றது. அன்றைக்கு அந்த லாரிக்காரனுக்குக் கிடைத்த வசவை அவன் ஏழு தலைமுறைக்கும் பிரித்துக் கொடுக்கலாம். "வண்டியை எடுப்பா!" "டாக்டர் உயிர் அங்க இருக்கு!" "கொஞ்சம் முன்னாடி போய்த் தொலை!" இஸ்திரி அம்மா குனிந்து லாரிச் சக்கரங்களுக்கு நடுவே பார்த்து, "காலு ஆடலை, உயிரோடதான் இருக்காரு" என்று எங்களுக்கெல்லாம் தகவல் சொன்னாள்.

லாரி நகர்ந்தது. தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. அவனே செய்துகொள்ளும்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் மாடியிலிருந்து இறங்குவான்.

எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. முன்னறையில் கிடந்த பெரிய சீப்பை எடுத்து வாசலில் நின்று உயரப் பிடித்தேன். "டாக்டரே, பல்லு எந்தப் பக்கம்?"

தம்பி கண்ணைச் சுருக்கினான். தலையை முன்னால் நீட்டினான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. அது இப்போது அலமாரியில் கிடந்தது.

"என்ன பல்லு? அக்கா, நீ எங்க நிக்கிறே?"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. சலூன்காரர் துண்டை உதறிக்கொண்டே, மேலே இருந்த பஸ் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அதில் எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும் என்பதைக் கணக்குப் போட ஒரு நொடி எடுத்துக்கொண்டார். "வலது பக்கம். பெரிய சீப்பு. டீச்சர் பச்சைச் சேலை. பக்கத்துல நர்ஸம்மா, கையில ஊசி." பிறகு தம்பி தோளைத் தட்டி, "ஒண்ணுமே தெரியாத ஆள் கையில என் கண்ணைக் கொடுத்திருக்கேன். நல்லவேளை, எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு" என்றார்.

"கண்ணாடியைக் கொடுங்க அண்ணே" என்றான் தம்பி. சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் நீர் வந்திருந்தது. சிரிப்பால் வந்தது என்றுதான் அவன் சொன்னான்.

முதலில் தெருவைக் கடந்தது டிரைவர். "அடுத்து நான் மச்சான்" என்று போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் தலைமையாசிரியர், தச்சர், ஊசி போடாமலே எழுந்து போன ஆள். தாடி வளர்த்த துறவிகள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒரு மணி நேரத்தில் எங்கள் பெஞ்சு காலி. தம்பியின் நோயாளிகள் முழுக்க எதிர்க்கடையில் இருந்தார்கள்.

மழுமழுவென்ற முகத்தோடு திரும்பி வந்து, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டான். மிச்சமிருந்தது இஸ்திரி அம்மா மட்டும். முக்காலியை எடுத்து வட்டத்தில் சரியாக வைத்தான். வாசலுக்கு வந்தான். சத்தம் போடவில்லை. துண்டை மட்டும் உயர்த்தினான்.

சலூன்காரர் ஒரு மோவாயின் மேல் குனிந்திருந்தார். நிமிர்ந்து மேலே கண்ணாடியைப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டு, தேய்த்த சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, முகப்புக்கு வந்து சீப்பைப் பிடித்தார். இஸ்திரி அம்மாவுக்கு முன்னால் எனக்கே தெரிந்தது. பல் மேல் பக்கம் பார்த்து இருந்தது.